செவியா, கிவியா?

சின்னமனூரிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கேட்கும். அந்தக் காதையே எடுத்துக்கொள்வோம். ஏட்டுத் தமிழில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. எது மூத்தது?

'இதிலென்ன சந்தேகம், தமிழ்தான்!' என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நீலகிரியில் கோத்தர்கள் 'கெவ்' என்கிறார்கள். சிவப்புக்கு நாம் செம்மை, கன்னடர் கெம்பு. ஒரு சொல் என்றால் தற்செயல். வரிசையாக வந்தால் விதி. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் இருந்த பழைய 'க' தமிழில் 'ச' ஆகிவிட்டது. அடுத்து ட, ண, ள, ழ வந்தால் மட்டும் மாறவில்லை. அதனால்தான் நமக்குக் கெடு, கிளி. தெலுங்கு அதையும் விடவில்லை: செடு, சிலுக. கன்னடம் 'க'வைக் காப்பாற்றியது, ஆனால் 'எ'யை 'இ' ஆக்கிவிட்டது. ஆக, தாய்ச்சொல் 'கெவி'. மெய் கன்னடத்தில், உயிர் தமிழில்!

அரபியின் சலாமையும் ஹீப்ருவின் ஷாலோமையும் பக்கத்தில் வைத்து மூன்று மெய்கள் கொண்ட ஒரே வேரைக் கண்டுபிடிப்பதும் இதே முறைதான்.

இதற்கெல்லாம் கைவிளக்கு, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984). அசுர உழைப்பு. கோத்தர், தோடர் சொற்களுக்கும் நமக்கிணையான மரியாதை. ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை. இனச்சொற்களை அடுக்கிவிட்டு, தாய்ச்சொல் இதுவாக இருக்கலாம் என்று சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். எச்சரிக்கைதான், புரிகிறது. ஆனால் தமிழ் இருக்கும் பதிவுகளில் அதுவே முதலில் நிற்பதால், புரட்டுகிறவர் அதையே வேர் என்று நினைத்துவிடுகிறார். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் வீட்டுக்காரர் என்று அர்த்தமா? அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் 'திராவிட மொழிகள்' (2003, ஆங்கிலம்). ஊகித்த வடிவங்களை நட்சத்திரக் குறி போட்டுத் தருகிறார். 'யாரும் எழுதிவைத்ததில்லை, கணக்குப் போட்டுக் கண்டது' என்று அந்தக் குறிக்கு அர்த்தம்.

தமிழின் பழமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. பாட்டி சொத்தில் பாதி பக்கத்து வீட்டிலும் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தமுறை பஸ்ஸில் யாராவது 'கிவி' என்றால் சிரிக்காதீர்கள். பாட்டி குரல் அது.