டிக்கிக் குழலும் விமான மூடியும்

அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் தளர்ந்துவிட்டால், பலர் விமான உறுப்பு விற்பவரைத் தேடிப் போவதில்லை. பழையதன் நீளத்தை அளந்து, மேலே அச்சிட்ட எண்ணைப் படித்து, ஏறக்குறைய அதே அளவில் கார் உதிரிபாகக் கடையில் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். நம் காரில் டிக்கியைத் திறந்ததும் இரு பக்கமும் விறைத்து நிற்கிறதே, அந்தக் கறுப்புக் குழல்தான். விமானத்துக்குக் கார்ச் சாமானா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம். இதில் என்ன பெரிய வித்தை என்று சிரிப்பவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் குறையை அது இல்லாத இடத்தில் தேடுகின்றன.

சட்டம் இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. செஸ்னா, பைப்பர் போன்ற ஆலை விமானம் என்றால் அங்கீகாரம் பெற்ற உறுப்பைத்தான் மாட்ட வேண்டும். உரியவர் கையெழுத்தும் வேண்டும். ‘சோதனை வகை’ என்ற முத்திரையோடு பறக்கும் சொந்தக் கட்டுமான விமானத்துக்கு அந்தப் பராமரிப்பு விதிகள் பொருந்தாது. வேலையின் பெரும்பகுதியை, பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, தனியாட்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் பழுதுபார்ப்புச் சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தகுதிச் சோதனையைத் தானே செய்து கையெழுத்திடலாம். 1953-இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனும், 1973-இல் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்டும் வளர்ந்தது இந்தச் சலுகையின் மேல்தான். வேன்ஸ் விற்ற உறுப்புத் தொகுப்புகளிலிருந்து எழுந்து பறந்தவை மட்டும் 11,000-ஐத் தாண்டும். அவற்றில் ஆர்வி-6, 7, 9 வரிசைகளைக் கட்டுபவர்கள் பின்னால் சறுக்கும் மூடியையோ, முன்பக்கம் கீல் வைத்து மேலே தூக்கும் மூடியையோ தேர்ந்தெடுக்கலாம். நம் கதை இரண்டாவது வகையைப் பற்றியது.

குழலுக்குள் ரகசியம் ஒன்றுமில்லை. அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், நுண்துளை போட்ட பிஸ்டன், பளபளக்கும் ஒரு தண்டு. பிஸ்டனின் இரு புறமும் ஒரே அழுத்தம் நிலவுவதால், வெளியே தள்ளும் விசையைத் தண்டின் குறுக்குப்பரப்புதான் தீர்மானிக்கிறது. 8 மி.மீ. தண்டும் 100 பார் அழுத்தமும் சேர்ந்தால் சுமார் 500 நியூட்டன். அதாவது ஐம்பது கிலோ எடையைத் தாங்கும் பலம். காலப்போக்கில் சீல் வழியே வாயு கசிகிறது, பலம் குறைகிறது. சீலை எண்ணெய் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்கிறார்கள். இதில் எதுவும் தான் காரில் இருக்கிறோமா விமானத்தில் இருக்கிறோமா என்று பார்ப்பதில்லை. ஜெர்மனியின் ஸ்டாபிலஸ் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் காருக்கும் குழல் செய்கிறார்கள், அலுவலக நாற்காலிக்கும் செய்கிறார்கள். கார்க் கடைக் குழல் மட்டம் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இந்த வழக்கத்தின் பெரிய பலம் விலை என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுப்பின் பெட்டியை நம்பாமல் உறுப்பையே சோதிக்கும் பழக்கம்தான் அதன் பலம். வீட்டில் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, அதன்மேல் சிறு மரத்துண்டைப் போட்டு, தண்டு கீழே இருக்கும்படி குழலை நிறுத்தி, தண்டு மெல்ல உள்ளே இறங்கத் தொடங்கும் வரை அழுத்துங்கள். 400 நியூட்டன் என்று அச்சிட்ட குழல் நல்ல நிலையில் இருந்தால் முள் 41 கிலோவை ஒட்டி நிற்கும். முப்பதிலேயே உள்ளே இறங்கினால் அதன் காலம் முடிந்தது. உறையோடு வந்த சான்றிதழை மட்டும் நம்புகிறவருக்கு இந்த அறிவு கிடைப்பதில்லை.

ஆனால் அளக்கும் பலர் குளிரை மறந்துவிடுகிறார்கள். அச்சிட்ட விசை சுமார் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. வாயு என்பதால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மூன்றரை சதவீதம் போல ஏறும், இறங்கும். விஸ்கான்சின் ஜனவரியில் கழித்தல் 20 டிகிரிக்குப் போனால் 400 நியூட்டன் குழல் சுமார் 345 ஆகிவிடும். ஆகவே குளிர்காலத்தில் மூடி தொய்கிறது என்று ஒருவர் குழலை மாற்றுகிறார். அத்தோடு விடுவதில்லை, இந்த முறை கொஞ்சம் பலமாகவே போடுவோம் என்று 500-ஐ வாங்குகிறார். அதே விமானம் ஜூலையில் அரிசோனாவின் கான்கிரீட் தளத்தில் 45 டிகிரியில் நிற்கும்போது அந்தக் குழல் 540-க்கு மேல் தள்ளும்.

இந்த வழக்கத்தில் மெய்யாகவே தவறு நேர்வது இங்கேதான். குழல் தளர்ந்தால் மூடி தலையில் இடிக்கும், எரிச்சலூட்டும். ஆனாலும் அந்தக் குழல் தன் குறையைத் தானே சொல்லிவிடும். பலம் மிகுந்த குழல் சொல்லாது. மூடியின் சட்டம் மெல்லிய குழாய்களால் ஆனது, கண்ணாடி என்று நாம் சொல்வதோ அக்ரிலிக். மூடி சாத்தியிருக்கும் நேரமெல்லாம் குழல் அழுந்திய நிலையில் இருக்கிறது. தண்டு உள்ளே போகப் போக வாயுவுக்கான இடம் சுருங்குவதால் விசை அச்சிட்டதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தச் சுமை கீலிலும் சட்டத்திலும் இரவு பகலாக ஏறிக்கொண்டிருக்கும். அக்ரிலிக்கில் விரிசல் பெரும்பாலும் திருகாணித் துளையின் ஓரத்தில்தான் பிறக்கும். முடியிழை போல ஒன்று தென்படும்போது யாருக்கும் குழலின் நினைவு வராது; துளையைச் சரியாகப் போடவில்லை என்று கட்டியவரைத்தான் திட்டுவார்கள்.

நீளத்தில் இன்னொரு பொறி. விரிந்த நீளம் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் சுருங்கிய நீளத்தைப் பார்ப்பதில்லை. மூடி முழுதாகச் சாத்துவதற்கு முன்பே தண்டு உள்ளே முட்டி நின்றால், தாழ்ப்பாளைப் போடுபவர் கைப்பலத்தால் அழுத்துவார், சட்டம் வளையும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்று விட்டால் மூடி முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றும் வேலை எளிது. சிறு ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பினால் முனை கழன்று வரும். ஆனால் முதல் குழலைத் தொடும் முன்பே மூடியைப் பிடிக்க இன்னொரு ஆள் நிற்க வேண்டும். கழற்றிய குழலை அறுத்துப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது உயிருக்கு நல்லது.

பறக்கும்போது மூடியைச் சாத்தி வைத்திருப்பது தாழ்ப்பாள், குழல் இல்லை. அப்படியிருக்க இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் விமானம் தரையில் மோதிப் புகை கிளம்பும் நேரத்தில், ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றி வெளியேற வேண்டிய நிலையை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழலின் மதிப்பு தெரியும்.

கட்டியவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது 1997-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று, பாடகர் ஜான் டென்வர் தான் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸி விமானத்தில் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் அருகே கடலில் விழுந்து இறந்தார். வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில் இல்லாத இடத்தில், விமானியின் இடது தோளுக்குப் பின்னால், எரிபொருள் மாற்றும் பிடியைக் கட்டியவர் வைத்திருந்தார். எட்டாத அந்தப் பிடியைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறியதை விசாரணை சுட்டிக்காட்டியது. ஸ்ட்ரட்டுக்கும் அந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் ஒருவர் கட்டும்போது எடுத்த முடிவு இன்னொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

விமானம் விற்பனையாகும், கட்டியவரின் பழுதுபார்ப்புச் சான்றிதழ் அதனோடு கைமாறாது. வாங்கியவர் குழலைப் பார்க்கிறார். ஏதோ ஒரு காரின் எண். அது வரைபடத்தின்படி வந்த பலமா, குளிருக்குப் பயந்து கூட்டிய பலமா என்பது அவருக்குத் தெரியாது. அவரும் அதே எண்ணில் வாங்குவார், அல்லது அவர் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவார். பதிவேட்டில் “ஸ்ட்ரட் மாற்றப்பட்டது” என்ற ஒரு வரி இருந்தாலே அதிசயம்; இருந்தாலும் அது எதற்கும் உதவாது. விரிந்த நீளம், சுருங்கிய நீளம், நியூட்டனில் விசை, முனை பிளாஸ்டிக்கா உலோகமா, முதலில் இருந்த குழலின் விசை எவ்வளவு, ஏன் மாற்றினார், அன்றைக்கு என்ன வெப்பநிலை ஆகியவையும் வேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு வரிதான். குழலின் மேலுள்ள மை கை பட்டுப் பட்டு அழிந்துவிடும் என்பதால், மாட்டுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிட வேண்டும்.