சொல்லும் இரைச்சலும்: நேப்பாம் டெத்தின் ‘ஸ்கம்’ பற்றி ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றின் உள்ளடக்கமே அதன் உருவத்தைத் தீர்மானிக்கின்றது என்பது விமர்சகர் பலர் நீண்டகாலமாக வலியுறுத்திவந்த கருத்தாகும். அக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு, இங்கிலாந்தின் நேப்பாம் டெத் குழுவினர் 1987 இல் வெளியிட்ட ‘ஸ்கம்’ என்னும் இசைத்தட்டு தக்கதோர் உரைகல்லாகும். அரசியல் பேச விழைந்த இளைஞர்கள், தாம் பேசுவது எவர் செவிக்கும் எட்டாத ஒரு குரலைத் தெரிந்தெடுத்தனர். இதனை வெறுங்கூச்சலெனத் தள்ளுவோரும் புரட்சியிசையெனப் போற்றுவோரும் இம்முரண்பாட்டைக் கணக்கிலெடுப்பதில்லை.

பேர்மிங்ஹாமுக்கும் கொவென்றிக்கும் இடைப்பட்ட மெரிடன் கிராமத்தில், பாடசாலை வயதினர் சிலரால் 1981 இல் இக்குழு தொடங்கப்பட்டது. அது தாட்சர் அரசாங்கத்தின் காலம். மோட்டார் வாகன, உலோகத் தொழில்களை நம்பியிருந்த அப்பிரதேசத்தில் ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகிற்று. முந்திய தலைமுறையில், அதே நகரின் தகட்டுலோகத் தொழிற்சாலையொன்றில் விரல்நுனிகளை இழந்த ரொனி ஐயோமி, பிளாஸ்ரிக் உறைகளை விரல்களில் மாட்டிக் கிற்றாரை மீட்டினார்; பின்னர் தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். பிளக் சபத் குழுவின் கனத்த நாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவரது விரலை இயந்திரம் கொண்டது. இவர்களுக்கோ இயந்திரமே இல்லாமற் போயிற்று.

‘ஸ்கம்’ தட்டில் 28 பாடல்கள். மொத்த நேரம் ஏறத்தாழ 33 நிமிடங்கள். துன்பத்தின் காரணத்தை வினவும் ‘யூ சபர்’ 1.316 விநாடியில் முடிந்துவிடுகின்றது. கைகளும் பாதமும் மாறிமாறி ஓய்வின்றி அடிக்கும் ‘பிளாஸ்ற் பீற்’ முறையில், தாளம் தனித்தனி அடிகளாகவன்றி ஒரே உறுமலாகவே கேட்கின்றது. தட்டின் இரு பக்கங்களும் வெவ்வேறு கலைஞர்களால் இசைக்கப்பட்டவை; இரண்டிலும் இடம்பெறுபவர் ட்ரம்ஸ் கலைஞர் மிக் ஹரிஸ் ஒருவரே. முதற்பக்கமே சிறந்தது எனத் துணிந்து கூறலாம். ‘சீஜ் ஒவ் பவர்’ போன்ற நீண்ட பாடல் அங்கு இருப்பதாலேயே ஏனையவற்றின் வேகம் வேகமாக உணரப்படுகின்றது. இரண்டாம் பக்கத்தில் வேகம் பழக்கமாகிவிடுகின்றது. பழகிய அதிர்ச்சி எவரை அதிரவைக்கும்?

இனிச் சொற்களை நோக்குவோம். பல்தேசியக் கம்பனிகளைச் சாடியே தட்டு தொடங்குகின்றது. ஆயினும் அச்சிட்ட வரிகளை விலக்கிவிட்டுக் கேட்டால், எப்பாடல் எதனைச் சாடுகின்றதெனப் பிரித்தறிவது கடினம். வாசித்தாலோ, பெரும்பாலானவை பொதுப்படையான கண்டனங்களே. மூடப்பட்ட ஆலையொன்றோ, தெருவொன்றோ, வேலையிழந்த தந்தை ஒருவரோ அவற்றில் இல்லை. அந்த வெறுமையை, மனிதக் குரலா இயந்திர ஒலியா எனத் திகைக்கவைக்கும் தொண்டையொலியே நிரப்புகின்றது. சொல் தோற்ற இடத்திற் குரல் வென்றது எனலாம்.

எனினும் அக்குரலுக்கெனத் தனியான அரசியல் உண்டெனக் கொள்ளுதல் தவறாகும். இரண்டாம் பக்கத்திற் கிற்றார் வாசித்த பில் ஸ்ரியர், காக்கஸ் குழுவினருடன் 1988 இல் வெளியிட்ட ‘றீக் ஒவ் பியூற்றிபக்‌ஷன்’ தட்டில் ஒலி பெரிதும் இதுவே; பொருளோ மருத்துவ நூற்சொற்களால் வருணிக்கப்படும் பிணங்களின் அழுகல். ஒரே உருவம் இருவேறு உள்ளடக்கங்களைச் சுமந்தது. உள்ளடக்கம் உருவத்தைத் தீர்மானிக்கும் என்ற சூத்திரம் இவ்விடத்தில் அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை.

பி.பி.சி. அறிவிப்பாளர் ஜோன் பீல் இவர்களைத் தமது நிகழ்ச்சியில் ஒலிபரப்பியதாற் குழுவின் பெயர் நாடெங்கும் பரவிற்று. ‘ஸ்கம்’ தட்டில் இசைத்த எவரும் இன்று குழுவில் இல்லை. 1989 இல் இணைந்த பாடகர் பார்னி கிறீன்வே, மேடையிற் பாடல்களுக்கிடையே நின்று, அடுத்த பாடல் எதைப் பற்றியது என்பதைச் சாதாரண பேச்சுமொழியில் அமைதியாக விளக்குவது வழக்கம். அதன் பின்னரே ஓலம் தொடங்குகின்றது.