பச்சையெல்லாம் காடு இல்லை

இந்திய வன நிலை அறிக்கை 2023-ஐ இந்த வாரம் படிச்சு முடிச்சேன். வெளியானது 2024 டிசம்பரில். எல்லாரும் எடுத்துப் போட்ட எண் இதுதான்: நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கி.மீ., மொத்தப் பரப்பில் 21.76 சதவீதம். 2021-ஐ விட 156 சதுர கி.மீ. கூடுதலாம்.

கூட்டல் கழித்தலில் எனக்குச் சண்டை இல்லை. வரையறையில்தான் சிக்கல். குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலம், அதில் 10 சதவீதமாவது மரங்களின் விதானம் மூடியிருக்கணும். அவ்வளவுதான். என்ன மரம், யார் நிலம், எதுக்கு வளர்த்தாங்க, எதுவும் கணக்கில் வராது. தென்னந்தோப்பும் வனம், ரப்பர் தோட்டமும் வனம். அறிக்கை இதை மறைக்கல, வெளிப்படையாவே சொல்லுது. ஆனா 21.76-ஐ மேற்கோள் காட்டுறவங்க அந்தப் பக்கத்தைப் புரட்டுறதில்ல.

இதனால என்ன கெட்டுப்போச்சு? நீலகிரி, பழனி மலைகளின் உச்சியைப் பாருங்க. அங்கே இயற்கையா இருந்தது புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. தோல் பதனிடப் பட்டை வேணும்னு சீகை நட்டாங்க, விறகுக்கும் கூழுக்கும் தைலமரம் நட்டாங்க, எல்லாம் புல்வெளி மேல. பழனி மலையில் 1973-க்குப் பிந்தைய 40 ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிடுச்சுன்னு 2018-ல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு சொல்லுது. வரையாடு மேயுறது அந்தப் புல்லில். நீலகிரி நெட்டைக்காலி கூடு கட்டுறதும் அதில்தான்.

இப்போ வரையறையைப் பொருத்திப் பாருங்க. மரமில்லாத புல்வெளிக்கு மதிப்பு பூஜ்யம். அதை அழிச்சுச் சீகை நட்டா வனப்பரப்பு கூடும். அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கிற வேலை இன்னைக்கு நடக்குதே, அது இழப்பாப் பதிவாகும்!

எங்க தொழிலில் டெஸ்ட் கவரேஜ்னு ஒண்ணு உண்டு. எதையுமே சரிபார்க்காத டெஸ்ட் எழுதியும் அதை 90 சதவீதம் காட்டலாம். எண் பொய் சொல்லல, ஆனா நாம கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

தகவல் இல்லாமலும் இல்லை. 2019 அறிக்கை காட்டு வகைகளைத் தனித்தனியாப் பிரிச்சே பரப்பு கொடுத்திருக்கு. இயற்கைக் காடு, நட்ட தோட்டம், இயற்கைப் புல்வெளின்னு மூணு எண்களை முதல் பக்கத்தில் போட்டா போதும். ஒரே எண்ணாக் கொடுக்கிற வரைக்கும், அந்த எண் உயரணும்னு மரம் நடுறவங்க முதலில் தேடுறது புல்வெளியைத்தான்.