பாணன் எப்படி வாசித்திருப்பான்?

அக்காவின் மகன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். இணையத்தில் பலர் கூடி ஆடும் மாயலோகச் சண்டை. வாளோடும் வில்லோடும் நின்றவர்களுக்குப் பின்னால், நரம்புக் கருவியை அணைத்தபடி ஒருவன். "மாமா, இவன் பாணன். அடிபடமாட்டான். இவன் வாசிச்சா எதிரியின்ரை கை தளர்ந்திடும்" என்றான். என்ன சத்தம் வரும் என்று கேட்டேன். "அம்மம்மா நித்திரை. சத்தத்தை நிப்பாட்டிப் போட்டன். நீங்களே நினைச்சுப் பாருங்கோ."

யாழ்ப்பாணத்தானுக்கு இது பழகிய வேலை. பாணன் ஒருவனின் பெயரைத்தானே ஊருக்கு வைத்திருக்கிறோம். கண் தெரியாத யாழ்பாடி அரசன் முன் வாசித்து மணற்றிடரைப் பரிசாகப் பெற்றான், அதுவே யாழ்ப்பாணமாயிற்று என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அந்தக் கதை நடந்ததா என்பதோடு வரலாற்றுக்காரர் மல்லுக்கட்டட்டும். என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. ஒரு நிலத்தையே கொடுக்கவைத்த அந்த வாசிப்பு காதுக்கு எப்படி இருந்தது? பத்திரிகைகளில் 'யாழ்.' என்று புள்ளி வைத்துச் சுருக்கி எழுதுகிறோம். பெயர் நாளுக்கு நூறு தரம் கண்ணில் படுகிறது, ஒலி மட்டும் இல்லை.

யாழ் என்றதும் பலர் மனதில் வீணை ஒலிக்கும். அங்கேதான் பிழைக்கிறோம். வீணையில் ஒரே தந்தியை மெட்டின்மேல் அழுத்தி இழுத்துப் பல சுரங்களைப் பேசவைக்கலாம். கமகம் பிறப்பது அந்த இழுப்பில். யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர் கணக்குச் சொல்வர். ஆகவே யாழ்பாடி சுரங்களை இழைத்திருக்கமாட்டான், தனித்தனியாகத் தொட்டுத் தொட்டு வைத்திருப்பான்.

சரி, என்ன நரம்பு? இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு குற்றப் பட்டியல். நல்ல நரம்புக்கு ஆகாதவை என்று பழைய நூல்கள் நான்கைச் சொல்கின்றன: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. உலோகக் கம்பியில் மயிர் சிலும்புமா, தும்பு தட்டுமா? புரியிட்டு முறுக்கிய ஏதோ ஒன்றைத்தான் அவர்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் இடையனோ குமிழமரத்தின் உட்டுளைக் கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர் போல எழுதுகிறார். மான் குளம்பு பதிந்த தடம் போல நடுவுயர்ந்து இருபுறம் தாழ்ந்த பத்தர் என்னும் ஒலிக்கூடு, விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல், தலை தூக்கிய பாம்பாக நிமிர்ந்த கோடு என்னும் தண்டு, வளையல்கள் போல வரிசையாய் இறுகிய திவவு என்னும் வார்க்கட்டு. அந்தத் தோலில்தான் என் காது நிற்கிறது. மரப்பலகை மூடிய வீணை கணீரென்று பேசும். தோல் போர்த்த பத்தர் நரம்பின் துடிப்பை வாங்கி, ஒரு மெல்லிய 'தும்' சேர்த்து, சட்டென்று விட்டுவிடும். சத்தம் பெரிதாய் இருந்திராது. சபை மூச்சடக்கினால்தான் கேட்கும். அந்த அடக்கத்தைக் கண் தெரியாதவன் காதாலேயே அளந்திருப்பான்.

விளையாட்டுப் பாணனின் மந்திரமும் நமக்கு அந்நியமில்லை. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் இசைக்காரன் வாசித்தால் பாய வந்த மிருகம் அமைதியாகும். அதே பொருநராற்றுப்படையில் பாலைப்பண்ணைக் கேட்ட வழிப்பறிக் கள்வர் படைக்கலத்தை நழுவவிட்டு, கொடுமை மறந்து நிற்கிறார்கள். மறுநாள் மருமகன் தன் விளையாட்டைச் சத்தத்தோடு காட்டினான். கம்பியின் மினுக்கம், பெரிய மண்டபத்தில் கரைவது போன்ற நீண்ட வால். இனிமைதான். ஆனால் அதில் தோல் இல்லை, நரம்பை விட்டு விரல் விலகும் ஓசை இல்லை. கள்வனின் கை அதற்குத் தளராது என்றுதான் பட்டது.

இந்த ஒலியை எனக்கு முன்பே தேடியவர் ஒருவர் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்த யாழைக் கணக்குப் போட்டு எழுப்பினார். குரல், துத்தம், கைக்கிளை என்ற வெறும் சுரப் பெயர்களுக்கு அலகும் அளவும் கிடைத்தன. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவருடைய பிள்ளைப் பெயரும் மயில்வாகனம்தான்: ஊரின் யாழ்க் கதையை எழுதியவரும் ஒரு மயில்வாகனம், யாழுக்கே நூல் எழுதியவரும் ஒரு மயில்வாகனம். இன்று சென்னையில் தருண் சேகர் போன்றவர்கள் மரத்தைக் குடைந்து யாழைத் திரும்பச் செய்கிறார்கள். அந்தப் பட்டறை வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். உளி பிடிக்கும்போதுதான் பாட்டில் வரும் பத்தருக்கு எடையும் தடிப்பும் வருகின்றன.

ஆனாலும் மருமகனுக்கு நான் போட்டுக் காட்டியது பர்மாக்காரரின் சௌங். படகு போன்ற பத்தர், மேலே மான்தோல், வளைந்தெழுந்த கோடு. முன்பு பட்டு நூல் கட்டினார்கள், இப்போது நைலோன். வளைந்த யாழினத்தில் அரசவை இசையாக இன்றுவரை கைவிடாமல் வாசிக்கப்பட்டு வருவது அது. ஒவ்வொரு சுரமும் தனியே விழுந்து, அடுத்ததற்கு இடம் விட்டு அடங்கியது. அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மழை விட்டாப் பிறகு பீலியாலை சொட்டுற மாதிரிக் கிடக்கு, மாமா. இன்னொருக்காப் போடுங்கோ."