மாதத்தின் கடைசி நாள்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில், ‘பெரட்டு’ எனப்பட்ட அதிகாலை ஆளெடுப்பில் பதிந்த வருகையைச் செக்ரோல் என்னும் பேரேட்டில் ஏற்றி, மாத முடிவில் சம்பளம் போட்ட கிராணிமார், மாதம் ஒரே நீளமுள்ள அளவன்று என்பதைக் கணினிக்கு முன்பே கையாண்டிருந்தனர். இன்று ஈப்போவின் அலுவலகங்களில் ஓடும் சம்பள மென்பொருளும் அதே 28, 29, 30, 31 நாள்களோடுதான் மல்லுக்கட்டுகிறது.

ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான தேதிக் கட்டளை மார்ச் 3-க்கு (லீப் ஆண்டில் 2-க்கு) வழிந்துவிட, எக்செலின் ‘ஈடேட்’ சூத்திரம் பிப்ரவரியின் கடைசி நாளிலேயே நின்றுகொள்கிறது. ஆனால் அவ்வாறு கிடைத்த பிப்ரவரி 28-உடன் மேலும் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28 வருமேயன்றி 31 திரும்பாது ஆதலால், ஒவ்வொரு தவணையையும் தொடக்கத் தேதியிலிருந்தே எண்ணுவது தேர்ந்த நிரலாளரின் கைப்பழக்கம்.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம், மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் சாதாரண ஊதியத்தைக் காண 26-ஆல் வகுக்கச் சொல்ல, 2023-இல் நடப்புக்கு வந்த திருத்தமோ, மாத நடுவில் சேர்ந்தவருக்கு அச்சம்பளக் காலத்தின் உண்மையான நாள் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறது. இவ்விரு மாதக் கணக்குகளையும் ஒரே நிரலுக்குள் மோதாமல் குடியமர்த்துவது, எவரும் பாராட்டாத, ஆயினும் நேர்த்தியான வேலை. சம்பளமோ அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தொழிலாளியின் கைக்குச் சேர்ந்தாக வேண்டும்.