இலவசம் என்ற வாதம் போதாது

இலங்கையின் தோட்டப்புற ஒலிப்பதிவுச் செயலமர்வுகளில் ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை அறிமுகப்படுத்துபவர்கள் முதலில் சொல்வது, இது இலவசம் என்பதைத்தான். கணக்கில் தவறில்லை. அதே வேலைக்கான அடோபி ஒடிஷனின் மாதச் சந்தா ஏறத்தாழ 23 டொலர். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பின்னும் அது ஐந்து நாள் பெயருக்கு, அதாவது ஐந்து நாள் கூலிக்கு, சமமாக இருந்தது. ஆனால் இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ மெட்டுப் போட்டுப் பார்க்கும் இளைஞன் சந்தா கட்டப் போவதில்லை. எஃப்எல் ஸ்டூடியோவின் திருட்டுப் பிரதி பென் டிரைவில் அவனைத் தேடி வந்துவிடும். அவனிடம் போய் இலவசம் என்றால் சிரிப்பான்.

ஒடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய மடிகணினியிலும் ஓடும். நிறுவும் கோப்பை ஒருமுறை கொண்டுவந்தால், இணையமே இல்லாமல் பாடசாலைக் கணினிகள் எல்லாவற்றிலும் ஏற்றலாம். உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. அரச பாடசாலை ஆசிரியருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு பெரிய விஷயம். 2021இல் ஒடாசிட்டி மியூஸ் குழுமத்தின் கைக்குப் போய், புதிய தனியுரிமைக் கொள்கை எதிர்ப்பைக் கிளப்பியபோது, பயனர்கள் மூலநிரலை எடுத்துத் தெனாசிட்டி என்ற கிளையைத் தொடங்கினார்கள். திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு வழி கிடையாது.

குறைகள் பதிவில் இறங்கும்போது தெரியும். தோட்டத்தில் பதிவுக் கருவி என்றால் கைத்தொலைபேசிதான், ஒடாசிட்டியோ கணினிக்கானது. போன் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் சேமிக்கிறது. அதை விண்டோஸ் கணினியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்து வராத பயிற்றுநருக்குக் காலை நேரம் அதிலேயே போய்விடும். அடுத்தது மழை. இரைச்சல் நீக்கும் வசதி, சில விநாடி வெற்று ஒலியை மாதிரியாக எடுத்துக்கொண்டு அதையொத்த ஒலியைக் குறைக்கிறது. மின்விசிறி போன்ற சீரான இரைச்சலுக்கு அது கைகொடுக்கும். லயத்துத் தகரக் கூரையில் ஏறி இறங்கிப் பெய்யும் இரத்தினபுரி மழைக்கு அது சரிவராது. நீக்கும் அளவைக் கூட்டினால் பாடுபவரின் குரலே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். காமன் கூத்தில் அடிக்கும் தப்பு மேளம் இன்னொரு தொல்லை. போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் அடியின் உச்சம் வெட்டுப்பட்டுப் போகும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. பத்தடி தள்ளி நின்றிருக்கலாம் என்பதுதான் பாடம். பட்டியல் பட்டியலாக எஃபெக்ட்களைக் காட்டும் செயலமர்வில் இந்தப் பாடத்துக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

செயலமர்வின் அமைப்பிலேயே எனக்கு அதிகக் குறை உண்டு. ஒருநாள் நிகழ்ச்சி, மதியச் சோறு, சான்றிதழ், குழுப்படம். மலையகம் என்றாலே நுவரெலியாதான் என்ற பழக்கத்தில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அதுகூட எப்போதாவதுதான் எட்டுகிறது. வந்தாலும் வார நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கும் பெண்கள் பெயரை இழந்து வரமாட்டார்கள். வருபவர்கள் பையன்கள், அவர்களுக்கு வேண்டியது தாளக்கட்டு. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் தாலாட்டும் ஒப்பாரியும் நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார் அந்த அறைக்குள் வருவதேயில்லை. இதற்கு மாறாக, தமிழ்நாட்டின் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் கூடி வருகிறது. திரும்பத் திரும்பச் சந்திக்கும் அத்தகைய ஏற்பாட்டில், முதல் வாரம் பழுதான பதிவை அடுத்த வாரம் கேட்டுத் திருத்த வழியுண்டு. ஒருநாள் செயலமர்வில் பழுதைக் கேட்கவே வாய்ப்பில்லை.

பதிந்தவை எங்கே போகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திறந்த அணுக்கத்தில் சேர்த்து வருகிறது, ஒலி ஆவணங்கள் உட்பட. அங்கே போய்ச் சேர வேண்டுமானால் பாடியவரின் சம்மதம், பெயர், தோட்டம், டிவிசன், பதிந்த நாள் ஆகியவை கோப்போடு இருக்க வேண்டும். இவற்றை எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். பயிற்றுநரின் மடிகணினியில் ‘புதிய பதிவு 3’ என்று கிடக்கும் கோப்பு, எவ்வளவு சுத்தமாக ஒலித்தாலும், எந்தத் தோட்டத்துக்கும் சொந்தமாகாது.