கட்டைவிரலை மாற்ற முடியுமா?

ஓசூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், வேலையை விட்டுவிட்டேன். அங்கே பதிந்த என் கைரேகை என்ன ஆகும்?” கேள்வி எளிது, விடை எளிதன்று.

வருகைப் பதிவுக் கருவி எப்படி வேலை செய்கிறது? அதில் ஒரு வகையைக் காண்போம். ரேகையின் மேடு தகட்டைத் தொடுகிறது; பள்ளத்தில் காற்று நிற்கிறது. இடைத்தூரம் கூடினால் மின்தேக்குதிறன் குறையும் என்று பிளஸ் டூவில் படித்தீர்கள் அல்லவா? அந்த வேறுபாட்டைக் கொண்டே கருவி ரேகையை அறிகிறது. பிறகு, ரேகைகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் எண்களாக்கிச் சேமிக்கிறது. கருங்கல் வேலையில் விரல் தேய்ந்தவருக்கு அந்த வேறுபாடு மங்கிவிடும். ஆள் எதிரே நிற்பார். கருவியோ அவரை ஏற்காது!

“படம் இல்லையே, வெறும் எண்கள்தாமே” என்பார்கள். அந்த எண்களிலிருந்தே ரேகைப் படத்தை ஏறக்குறைய மீட்டு வரையலாம் என்று 2007இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். களவு போன கடவுச்சொல்லை மாற்றலாம். கட்டைவிரலை மாற்ற முடியுமா?

கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். ஆனால், படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 7ஆம் பிரிவின்படி, வேலை தொடர்பான நோக்கங்களுக்குத் தொழிலாளியின் இசைவு தேவையில்லை. தகவலைக் காப்பதும், நோக்கம் முடிந்ததும் அழிப்பதும் நிறுவனத்தின் கடமை. ஆனால், “என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்? அதை அழியுங்கள்” என்று கேட்கும் உரிமையை, இசைவு தந்தவர்களுக்கே சட்டம் வழங்குகிறது. இசைவே கேட்கப்படாதவர் எதைக் காட்டிக் கேட்பார்? இதுவே சட்டத்தின் பெருங்குறை.

2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் நாகமங்கலம் அருகே, டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் ஊழியர் விடுதியின் குளியலறையில் மறைகேமரா கண்டெடுக்கப்பட்டது. பெண்கள் திரண்டு போராடினர். காவல்துறை கைது செய்தது. ஒளித்து வைத்த கருவி குற்றம் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. வாயிலில் வெளிப்படையாக மாட்டிய கருவியையோ நாம் கேள்வி கேட்பதே இல்லை.

நாளை நீங்களும் அந்த வாயிலில் நிற்கலாம். அடையாள அட்டை போதாதா? ரேகை எங்கே இருக்கும்? எப்போது அழிப்பீர்கள்? விரலை வைக்குமுன் இம்மூன்றையும் கேளுங்கள்.